மூடிக்கு மேலேயும் கங்கு வேண்டும்

போன இதழில், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போன இடத்தில் டச்சு அவன் சட்டியில் கூட்டாஞ்சோறு ஆக்கிய கதையைப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அல்வாவைப் பற்றி எழுதினால்கூட இத்தனை கடிதம் வந்திருக்காது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் ஏழு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் டெண்ட் வாங்கிவிட்டான். லீவுக்கு வரும்போது தோட்டத்தில் தங்கிச் சமைக்கணுமாம், அதற்கு டச்சு அவன் வாங்கணுமாம். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நம் வீட்டு இரும்புச் சட்டி போதாதா?
– வாசகி, பாளையங்கோட்டை

பையன் கேட்கிறானே என்று உடனே காசை எடுத்து நீட்டிவிடாதீர்கள். அது என்ன சாமான் என்று முதலில் பார்ப்போம். கனத்த வார்ப்பிரும்புச் சட்டி, அடியில் மூன்று குட்டைக் கால், மேலே கனத்த மூடி, அந்த மூடியின் விளிம்பைச் சுற்றி வயல் வரப்பு மாதிரி ஒரு விரல்கடை உயரத்துக்கு எடுத்துக்கட்டியிருக்கும். விசேஷமே அந்தக் காலிலும் வரப்பிலும்தான். கால் இருப்பதால் அடியில் போட்ட கங்கு நசுங்கி அணையாமல் காற்று போய்வரும், வரப்பு இருப்பதால் மூடிமேல் கொட்டிய கங்கு சரிந்து விழாது. கீழேயும் சூடு மேலேயும் சூடு என்றானபின் சட்டியே ஒரு பேக்கரி அடுப்பு ஆகிவிடுகிறது.

பெயரில் டச்சு இருந்தாலும் வார்ப்பு வேலையைப் பிரபலமாக்கியவர் இங்கிலாந்துக்காரர், ஆபிரகாம் டார்பி. மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707ல் காப்புரிமை வாங்கினார். ஒல்லாந்து, அதாவது டச்சு நாட்டு வார்ப்புக்காரர்களின் வழியைப் பின்பற்றியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். நம் தூத்துக்குடியை 1658ல் பிடித்த ஒல்லாந்தருக்கும் இதற்கும் சம்பந்தம் தேட வேண்டாம்.

எனக்கு இந்தச் சட்டியைப் பார்த்ததும் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தம் போடும்போது மூடிமேல் கங்கை அள்ளிக் கொட்டுவதை எல்லாரும் பார்த்திருப்போம், ஆனால் ஆச்சி வெறும் உளுந்தஞ்சோற்றுக்கே அதைச் செய்வாள். முக்கால் வேக்காடு வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு, பானை வாயில் பழைய இரும்புத் தட்டைப் போட்டு, தோசைத் திருப்பியால் ஏழெட்டுக் கங்கை அதன்மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, மேலாகக் கிடக்கும் பூண்டு லேசாகச் சிவந்து இருக்கும். அந்தச் சிவப்பு அடியில் எரிக்கிற தீயால் வராது.

ஆக, உங்கள் வீட்டிலேயே பாதி இருக்கிறது. வார்ப்பிரும்புச் சட்டி, அதன் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி மூடியாகப் போட ஒரு பழைய இரும்புத் தோசைக்கல், கால் இல்லாத குறைக்கு மூன்று செங்கல். சட்டிக்கும் கல்லுக்கும் இடையில் சந்து தெரிந்தால் கோதுமை மாவைக் கயிறு மாதிரி திரித்துச் சுற்றி ஒட்டுங்கள், இல்லையென்றால் திறக்கும்போது சாம்பல் உள்ளே விழுந்து எல்லாருக்கும் பல்லில் நறநறக்கும். இதில் நாலு தடவை செய்து பார்த்துவிட்டு, ஆசை அடங்கவில்லை என்றால் வாங்கட்டும். வாங்கினால் நாலு பேருக்குப் பத்து அங்குலம் போதும். பன்னிரண்டு அங்குலம் ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், மூடியோடு ஒன்பது கிலோ வரும், தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. அப்புறம், கலர்கலராக எனாமல் பூசிய சட்டியும் இதே பெயரில் விற்கிறார்கள். அது வீட்டு அடுப்புக்கு. கங்கில் வைத்தால் எனாமல் தெறித்துவிடும்.

(எனக்கு வந்தது ஓசிச் சட்டி. டெக்சாஸில் இருக்கும் மருமகன் 23 கிலோ பெட்டியில் ஒன்பது கிலோவை இதற்கே கொடுத்துவிட்டு, அவன் அம்மா கேட்ட சாமானையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். என் தங்கை இன்றைக்கு வரைக்கும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.)

ஆடி மாதம் தோட்டத்தில் நண்பர்களோடு இந்தச் சட்டியில் கோழி பிரியாணி போட்டோம். அடி கரிக்கட்டை, மேலே அரிசி நறுக்கென்று நிற்கிறது. எத்தனை கங்கு போடணும் என்று சரியான கணக்குச் சொல்லுங்கள்.
– வாசகர், வள்ளியூர்

ஆடி, வள்ளியூர். இந்த இரண்டு சொல்லிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது தம்பி. காற்றாலை சுற்றுகிற காற்றில் கங்கை வைத்தால் காற்று வருகிற பக்கம் கொல்லன் உலை மாதிரி சிவந்து எரிந்து சீக்கிரம் சாம்பலாகும், எதிர்ப்பக்கம் மந்தமாகக் கிடக்கும். மூன்று பக்கம் செங்கல்லையோ தகரத்தையோ நிறுத்தி மறைத்துவிட்டுத்தான் அடுப்பே மூட்ட வேண்டும்.

இனி கணக்கு. அமெரிக்காவில் ஒரே அளவாக அச்சில் அடித்த கரிக்கட்டி, பிரிக்கெட் என்பார்கள், அதை எண்ணிப் போடுவார்கள். சட்டியின் அங்குலத்தோடு மூன்றைக் கூட்டினால் மூடிமேல் போட வேண்டியது, மூன்றைக் கழித்தால் அடியில் போட வேண்டியது. பன்னிரண்டு அங்குலச் சட்டி என்றால் மேலே 15, கீழே 9. அப்படி வைத்தால் உள்ளே ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் சூடு நிற்கும். கவனித்தீர்களா, மேலேதான் அதிகம். சூடு மேல்நோக்கிப் போகும், அடியில் கொஞ்சம் இருந்தாலே சட்டியைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அடியில் ஒரு கூடை, மூடிமேல் பேருக்கு இரண்டு. நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன், பத்துப் பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்க, சட்டியைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நமக்குக் கிடைப்பது சீமைக்கருவேலங்கரியும் சிரட்டைக்கரியும். (எங்கே வாங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் தெருவில் துணி தேய்ப்பவரிடம் கேளுங்கள், அவர் வாங்குகிற இடத்தைச் சொல்வார்.) இதில் ஒன்று கட்டைவிரல் அளவு இருக்கும், ஒன்று தேங்காய் அளவு இருக்கும், எண்ணிப் போட முடியாது. பிரிக்கெட்டைவிடச் சூடு அதிகம், சீக்கிரமும் எரிந்து போகும். அதனால் பங்கு வைத்துக்கொள்ளுங்கள். கரியைத் தனியாக ஒரு ஓரத்தில் பற்றவைத்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தபிறகு மூன்று பங்காகப் பிரித்தால், குழம்பு, கூட்டு மாதிரி கொதிக்கிற சமையலுக்கு இரண்டு பங்கு அடியில், ஒரு பங்கு மேலே. கேக், ரொட்டி மாதிரி சுடுகிற சமாசாரத்துக்கு அப்படியே தலைகீழ். பிரியாணிக்கு, தண்ணீர் வற்றுகிற வரைக்கும் முதல் கணக்கு, தம்முக்கு வந்ததும் அடிக் கங்கில் முக்கால்வாசியை இடுக்கியால் எடுத்து மூடிமேல் ஏற்றிவிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் அன்றைக்கு உங்கள் கோழி தப்பித்திருக்கும்.

அடியில் போடும் கங்கை நடுவில் குவிக்காமல் சட்டியின் விளிம்பை ஒட்டி வட்டமாகப் பரப்புங்கள். நடுவில் குவித்தால் அந்த இடம் மட்டும் கரியும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டியைக் கால் சுற்று ஒரு பக்கமும், மூடியைக் கால் சுற்று எதிர்ப்பக்கமும் திருப்பிவிடுங்கள், ஒரே இடத்தில் காந்தாது. சூடு போதுமா என்று பார்க்க உள்ளங்கையைக் கங்குக்கு ஐந்தாறு அங்குலம் மேலே பிடித்து எண்ணுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் கையை இழுத்தால் நடுத்தரச் சூடு, சமையலுக்குச் சரி. இரண்டிலேயே இழுத்துவிட்டால் கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் முக்கியமானது, சும்மா சும்மா திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடும் ஆவியும் போய்விடும். வெந்ததா என்று மூக்குக்குத் தெரியும். காந்தல் வாடை லேசாக அடித்தால் அடிக் கங்கை எடுத்துவிடுங்கள், மேல் கங்கு பார்த்துக்கொள்ளும்.

இரண்டு சின்னப் பிள்ளைகளோடு எங்கள் மாமியார் தோப்பில் ஒரு ராத்திரி தங்கப் போகிறோம். அம்மியும் கிடையாது, மிக்சியும் கிடையாது. ஒரே சட்டியில் முடிகிற மாதிரி சொல்லுங்கள்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

கூட்டாஞ்சோற்றைக் கண்டுபிடித்த ஊரில் இருந்துகொண்டு ஒரே சட்டிச் சமையல் கேட்கிறீர்களே தாயி!

ஆறு பேருக்கு அரைக் கிலோ அரிசி, 150 கிராம் துவரம்பருப்பு, இரண்டரை லிட்டர் தண்ணீர். கிளம்புகிற அன்று காலையிலேயே தேங்காய், சீரகம், மிளகாய்வற்றல், சின்ன உள்ளி, இரண்டு பல் பூண்டு, இதைத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து டப்பாவில் போட்டு உறைய வைத்துவிடுங்கள், சாயங்காலம் தோப்புக்குப் போய்ச் சேரும்போது இளகி பதமாக இருக்கும். கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், மாங்காய் கிடைத்தால் ஒரு துண்டு, எல்லாம் நறுக்கிப் பையில் கட்டிக்கொண்டால் அங்கே கத்தியே வேண்டாம். (மாங்காய் போட்டால் புளி கொஞ்சம் போதும், புதுச் சட்டிக்கு அதுவும் நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.)

தண்ணீர் கொதித்ததும் பருப்பும் மஞ்சள்தூளும். பருப்பு மலர இருபது நிமிடமாவது ஆகும். அப்புறம் அரிசியும் காயும் உப்பும், மாங்காயைக் கடைசியாகப் போடுங்கள். அரிசி முக்கால் வெந்ததும் அரைத்ததைக் கரைத்து ஊற்றி, கொஞ்சம் புளித்தண்ணீர், இரண்டு கை முருங்கைக்கீரை, ஒரு கிளறு, மூடி. இப்போது அடிக் கங்கைக் குறைத்து மேலே ஏற்றுங்கள், கால் மணி நேரம். தேங்காயெண்ணெயில் கடுகும் வடகமும் தாளித்துக் கொட்ட ஒரு சின்னக் கரண்டி வேண்டும், அதை மறந்துவிட்டால் பச்சைத் தேங்காயெண்ணெயைச் சுற்றி ஊற்றினாலே மணம் தோப்பு முழுக்கப் போகும். தொட்டுக்கொள்ள அப்பளம். பிள்ளைகள் காய் வேண்டாம் என்று ஒதுக்குமே என்ற கவலையும் வேண்டாம், இருட்டில் எது கத்தரிக்காய், எது வாழைக்காய் என்று தெரியாது.

சொதி செய்யலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். செய்யலாம், ஆனால் வார்ப்பிரும்பு லேசில் ஆறாது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டே இருக்கும். முதல் தேங்காய்ப்பாலை அந்த வேகத்தில் ஊற்றினால் திரிந்துவிடும். கங்கைவிட்டு இறக்கி வைத்து, கொதி அடங்கிய பிறகு ஊற்றுங்கள். எலுமிச்சம்பழத்தை வேறு பாத்திரத்தில் மாற்றியபின் பிழியுங்கள். இஞ்சிப் பச்சடியை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடலாம்.

காலையில் ஒன்றும் செய்ய வேண்டாம். காய்ந்த சட்டியில் சீனிக்கிழங்கைக் கழுவித் துடைத்து அடுக்கி, மேலும் கீழும் கங்கு வைத்து முக்கால் மணி நேரம் விட்டால் தோல் சுருங்கி, ஓரத்தில் பாகு கசிந்து நிற்கும். பல் விளக்கிவிட்டு வருவதற்குள் தயார்.

சட்டியில் கேக் செய்ய முடியும் என்கிறார்களே, நிஜமா?
– கல்லூரி மாணவர், நாங்குநேரி

நிஜம்தான். கேக் மாவை வட்டத் தகரத்தில் ஊற்றி, சட்டிக்குள் மூன்று காய்ந்த கல்லை வைத்து அதன்மேல் தகரத்தை வையுங்கள், அடி நேரடியாகச் சுடாது. கங்கு, ஒரு பங்கு அடியில், இரண்டு பங்கு மேலே. அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். நான் கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, ஆறவைத்துச் சேர்த்துச் செய்வேன். முதல் கேக் ஒரு பக்கம் சாய்ந்துதான் வரும், தரை சமமாக இல்லாததுதான் காரணம். சட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் காலுக்கு அடியில் ஓட்டாஞ்சல்லியை முட்டுக்கொடுத்து, தண்ணீரைக் கொட்டித் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கேக்கைவிட எனக்குப் பிடித்தது ஓலைக் கொழுக்கட்டைதான். குருத்தோலைக்குள் மாவை வைத்துக் கட்டி, அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர் விட்டு ஓலைத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் அடுக்கி வேகவையுங்கள். ஓலை வாசத்துக்கு முன்னால் வெனிலா எசென்ஸ் எந்த மூலைக்கு?

சாரல் காலத்தில் இரண்டு மாதம் எடுக்காமல் வைத்திருந்தேன், சட்டி முழுக்கத் துரு. தூக்கிப் போட்டுவிடவா?
– வாசகர், தென்காசி

துருவுக்காக வார்ப்பிரும்பைத் தூக்கிப் போட்டால் உங்கள் பாட்டி சும்மா விடுவாளா? தேங்காய் நாரும் மணலும் போட்டுத் துரு போகிற வரைக்கும் தேயுங்கள். கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் இல்லாமல் காயவைத்து, கடலெண்ணெயைத் துளி எடுத்துத் துணியால் உள்ளேயும் வெளியேயும் மூடியிலும் தேய்த்துவிட்டு, பிறகு காய்ந்த துணியால் அந்த எண்ணெயைத் துடைத்தே எடுத்துவிடுங்கள். எண்ணெய் தேங்கினால் பிசுபிசுவென்று ஒட்டும். சட்டியைக் கவிழ்த்துப் புகை வந்து அடங்குகிற வரைக்கும் சூடாக்குங்கள். எண்ணெய் இரும்போடு இறுகிக் கறுப்புப் படலமாகிவிடும். மூன்று நாலு தடவை செய்தால் தோசைக்கல் பழகுகிற மாதிரி பழகிவிடும். புளிக்குழம்பையும் தக்காளியையும் வெகுநேரம் கொதிக்கவிட்டால் இந்தப் படலம்தான் முதலில் கரையும், சட்டி நன்றாகப் பழகுகிற வரைக்கும் அதெல்லாம் வேண்டாம். சமைத்ததை அதிலேயே விட்டு வைக்கவும் கூடாது. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும், அதற்கு அப்புறம் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்.

காரையார் பக்கம் ஆற்றோரமாகச் சட்டியை வைத்துச் சமைக்க நினைக்கிறோம். நல்ல இடம் சொல்லுங்கள். ராத்திரி குளிருமே, மீந்த கங்கை டெண்டுக்குள் வைத்துக்கொள்ளலாமா?
– நண்பர்கள் சிலர், திருநெல்வேலி டவுன்

இரண்டுக்கும் கூடாது என்பதுதான் பதில். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988ல் அறிவித்தது. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கிச் சமைக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது வனத்துறை நாளும் இடமும் குறித்துக் கொடுக்கிற அனுமதி. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி எத்தனை பேர் செத்தார்கள், அதற்குள் மறந்துவிட்டதா? சொந்தத் தோப்பு, சொந்தக்காரர் வயல், குலதெய்வக் கோயில் பொட்டல், இப்படி உடையவரைக் கேட்டுவிட்டுப் போகிற இடமாகப் பாருங்கள். அங்கேயும் காய்ந்த புல், பனையோலைக் குவியல் பக்கத்தில் வேண்டாம். ஆற்றில் கிடக்கிற உருண்டைக் கல்லை அடுப்புக்கு எடுக்காதீர்கள், உள்ளே ஊறிய தண்ணீர் சூட்டில் ஆவியாகி வெடித்துச் சிதறும், செங்கல் கொண்டுபோங்கள்.

டெண்டுக்குள் கங்கு என்பது விளையாட்டே இல்லை. கங்கிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணைக் கரிக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளிருக்குப் போர்வை எடுத்துக்கொண்டு போங்கள். மீந்த கங்கில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்தபிறகு படுங்கள். தேரியிலும் கடற்கரையிலும் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மணலுக்குள் கங்கு மணிக்கணக்காக உயிரோடு கிடக்கும், மறுநாள் காலையில் செருப்பில்லாமல் ஓடிவருகிற பிள்ளைதான் அதை மிதிக்கும்.

எங்கள் வீட்டில் அம்மா சைவம், மற்ற எல்லாரும் அசைவம். கோழி ஆக்கிய சட்டியில் அம்மா சாப்பிட மாட்டார். என்ன செய்ய?
– வாசகி, சேரன்மகாதேவி

நல்லாத் தேய்த்துக் கழுவிவிட்டேன் என்று சொல்லி ஏமாற்றப் பார்க்காதீர்கள். வார்ப்பிரும்பில் படிந்த எண்ணெயில் வாடை நிற்கும், கூட்டாஞ்சோற்றில் முதல் வாயிலேயே அம்மா கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் முதல் நாள் அம்மா சமையல், இரண்டாம் நாள்தான் கோழி. திரும்பி வந்ததும் வெறும் சட்டியைக் கங்கில் வைத்துப் புகைய விட்டு, எண்ணெய் தேய்த்து மறுபடி பழக்கினால் வாடை பெரும்பாலும் போய்விடும். எங்கள் வீட்டில் இதே பஞ்சாயத்து வந்தபோது என் அக்கா, பழைய தோசைக்கல்லையும் ஒரு இரும்புச் சட்டியையும் எடுத்துக்கொண்டு தோப்பின் அந்தக் கடைசிக்குப் போய்த் தனி அடுப்பு மூட்டிவிட்டாள். ஒன்பது கிலோ அமெரிக்கச் சட்டியில் வெந்த கோழியை விட்டுவிட்டு, பிள்ளைகள் எல்லாம் அவள் அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தன.